வாய்க்குள் பாடுகிறவர்கள்

1909 செப்டம்பர் 20, திங்கள்

விட்காம் துரையின் பெட்டி வந்துவிட்டது. கப்பலில் தூத்துக்குடி, அங்கிருந்து ரயில், ரயிலடியிலிருந்து மாட்டு வண்டி. வண்டிக்காரன் அதைக் கல்லூரி வாசலில் இறக்கும்போது பிணத்தை இறக்குவதுபோல் பயந்து பயந்து இறக்கினான்.

உள்ளே இருந்தது பந்து. ஆனால் உருண்டை இல்லை. இரண்டு முனையும் கூம்பி, நடுவில் பருத்து, தோலால் தைத்த ஒரு பப்பாளி. தவமணிதான் அப்படிப் பெயர் வைத்தான். தவமணி என் அறைத் தோழன். எதற்கும் பெயர் வைக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. சாயங்காலத்துக்குள் செங்குளம் அமெரிக்கன் மிஷன் கல்லூரி முழுவதும் 'பப்பாளி' என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டது.

துரை போன வருஷம்தான் அமெரிக்காவிலிருந்து வந்தார். எங்களுக்குக் கணக்கு நடத்துகிறார். அவர் ஊர்க் கல்லூரிகளில் கார்த்திகை மார்கழியில் இந்தப் பந்தை வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் பதினோரு பேர் முட்டி மோதுவார்களாம். இந்த வருஷம் நாமும் ஆட வேண்டும் என்றார். அவர் பேசும் இங்கிலீஷ் மூக்கால் வருவது. வெள்ளைக்கார கலெக்டர் பேச்சைப் புரிந்துகொள்கிறவர்களுக்கும் இது புரியாது. எனக்குப் புரியும். என் தகப்பனார் மிஷன் உபதேசியார். அமெரிக்கப் பாதிரிமாரின் பங்களா வளவிலேயே நான் வளர்ந்தவன். ஆகவே துரை சொல்வதைத் தமிழில் எல்லோருக்கும் சொல்லும் வேலை எனக்கு. அவருக்குத் தமிழில் 'வா', 'போ', 'நல்லது' தெரியும்.

பெட்டியின் அடியில் ஒரு கம்பளிச் சட்டை. ரத்தச் சிவப்பு. நெஞ்சில் மஞ்சள் நூலில் ஒரு பெரிய இங்கிலீஷ் எழுத்து. துரை மாணவனாக ஆடிய காலத்தில் அவருக்கே கொடுத்த பரிசாம். "யார் இல்லாவிட்டால் நம் அணியே இல்லையோ, அவனுக்கு இதை மார்கழியில் கொடுப்பேன்" என்றார்.

அதை எல்லோருக்கும் தமிழில் சொன்னேன். யார் இல்லாவிட்டால் அணியே இல்லை என்பது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயமா? நான் வாய் திறக்காவிட்டால் துரை ஊமை, மற்றவர்கள் செவிடு.

செப்டம்பர் 23

நான் குவார்ட்டர்பேக். பந்து முதலில் என் கைக்கு வரும். நான் எண்களைக் கூவுவேன். எந்த எண் கூவுகிறேனோ அதன்படி பந்து ஒருவன் கைக்குப் போகும். அவன் அதைக் கட்டிக்கொண்டு எதிரிகளுக்குள் புகுந்து ஓட வேண்டும். எதிரிகளின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றினால் ஐந்து புள்ளி. ஓடுகிறவனைப் பிடித்துக் கீழே தள்ளலாம். சட்டையைக் கிழிக்கலாம் போலவும் இருக்கிறது.

தவமணியின் பல் ஒன்று ஆடுகிறது. ராத்திரி கஞ்சி மட்டும் குடித்தான்.

செப்டம்பர் 27

இன்று ஒருவன் புதிதாக வந்தான். பெயர் வீரணன். உசிலம்பட்டிக்கு மேற்கே ஏதோ ஊர். முதல் வருஷ வகுப்பு. இங்கிலீஷ் புத்தகத்தைக் கையில் பாம்பைப் பிடிப்பதுபோல் பிடிக்கிறான். குடுமியை இறுக்கி முடிந்து, வேட்டியை வரிந்து கட்டி மைதான ஓரத்தில் நின்றான். ஆள் குறைவாக இருந்ததால் துரை கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

அவனுக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்கும் பாரமும் என் தலையில். வெயில் மண்டையைப் பிளந்தது. முழுவதும் சொல்ல யாரால் முடியும்? "சடுகுடு தெரியுமா?" என்றேன்.

"அதத்தானண்ணே எங்கூர்ல பொழுதன்னைக்கும் ஆடுவோம்."

"அப்ப இதுவும் அந்த மாதிரிதான். எதிராளி மண்ணுக்குள்ள புகுந்து போயி, கடைசிக் கோட்டத் தாண்டிப் பந்த ஊனணும். அவ்வளவுதான்."

"மூச்சுப் பிடிச்சாண்ணே?"

துரை அங்கே கைதட்டி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். "ஆமா, ஆமா, போ" என்றேன்.

அவன் பந்தை வாங்கிக் கக்கத்தில் வைத்தான். 'சடுகுடு சடுகுடு' என்று பாடிக்கொண்டே புறப்பட்டான். எல்லோரும் சிரித்தோம். தவமணி இடுப்பைப் பிடித்தான். கையில் காற்றுதான் மிஞ்சியது. மற்ற மூன்று பேரும் அப்படியே. கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றிவிட்டுத்தான் மூச்சு விட்டான்.

துரை தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார். ஒரு வருஷமாக அவரோடு இருக்கிறேன். அந்தத் தொப்பி எனக்காக ஒரு தடவையும் தலையை விட்டு எழும்பியதில்லை.

அக்டோபர் 1

மழை. பயிற்சி இல்லை. சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். நூல் வேறு நிறம்.

அக்டோபர் 4

துரைக்கு இன்று குடுமி மோகம். அவர் ஊரில் தலையில் அடிபடாமல் இருக்க ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் முடி வளர்ப்பார்களாம். "இங்கே இவர்களுக்குக் கடவுளே தலையணை கட்டி அனுப்பியிருக்கிறார்" என்று வீரணன் குடுமியைத் தட்டிக் காட்டினார். அவன் கூச்சத்தில் நெளிந்தான்.

நாங்கள் கிறிஸ்து வேதத்துக்கு வந்த குடும்பம். என் பாட்டனாரின் குடுமியை வெட்டியதே ஓர் அமெரிக்கப் பாதிரியார்தான். இப்போது இன்னோர் அமெரிக்கர் வந்து குடுமி நல்லது என்கிறார். என் கிராப்புத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். இவர்கள் முதலில் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டுக் கப்பல் ஏறக் கூடாதா?

அக்டோபர் 9

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

வீரணன் பந்தோடு ஓடினான். மழை பெய்த கரிசல். காலில் மண் அப்பிக்கொண்டது. இரண்டு தடவை சுற்றி வளைத்து ஓடியதில் நேரம் ஆகிவிட்டது. திடீரென்று பாட்டு நின்றது. அவன் பக்கத்தில் ஒரு காக்கைக் குஞ்சும் இல்லை, ஆனாலும் நின்றான். பந்தைத் தரையில் வைத்தான். தலையைக் குனிந்துகொண்டு மைதானத்துக்கு வெளியே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு உடனே புரிந்தது. சடுகுடுவில் எதிராளி மண்ணில் மூச்சு விட்டவன் பட்டுப்போனவன். யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவனே வெளியே போக வேண்டும். ஊரில் அதுதான் மரியாதை.

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. கால் சுளுக்கு என்று நினைத்தார். பிறகு பாட்டைப் பற்றிக் கேட்டார். "மூச்சைப் பிடித்துக்கொண்டா ஓடுகிறான்? வேண்டாம் என்று சொல். தாராளமாக மூச்சு விடட்டும். விட்டால் இன்னும் வேகமாக ஓடுவான்" என்றார், சிரித்துக்கொண்டே.

நான் வீரணனிடம் போனேன். "உன் பாட்டு தொரைக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம்" என்றேன்.

துரை சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பை மொழிபெயர்த்தேன். மற்றது அவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலும் அவன் மூச்சுப் பிடித்து ஓடுவதே போதுமான வேகமாகத்தான் இருக்கிறது. இதற்கு மேல் எதற்கு?

வீரணன் முகமெல்லாம் மலர்ந்துபோய்ச் சொன்னான்: "நீங்கள்லாம் வாய்க்குள்ளயே பாடுறீங்க. எனக்கு அது வர மாட்டேங்குதுண்ணே. சத்தம் போட்டாத்தான் மூச்சு நிக்குது."

நாங்கள் எல்லோரும் வாய்க்குள் பாடுகிறோம் என்று நினைத்திருக்கிறான். ராத்திரி படுத்த பிறகு அதை நினைத்துச் சிரித்தேன். கொஞ்ச நேரம்தான் சிரித்தேன்.

அக்டோபர் 16, சனி

ரயில்வேப் பட்டறையில் தொழில் பழகும், பாதி வெள்ளைக்கார ரத்தமான சட்டைக்காரப் பையன்களோடு முதல் போட்டி. ஜெயித்தோம். வீரணன் இரண்டு தடவை கோடு தாண்டினான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்லூரி வரை ஊர்வலம். தவமணியும் ஒரு காலைத் தாங்கினான். என் அறைத் தோழன்!

அந்த இரண்டு தடவையும் எண் கூவியது யார்? பந்தை அவன் கையில் வைத்தது யார்? ஊர்வலத்தில் நான் அவனுடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். யாரோ என் கையில் திணித்துவிட்டார்கள்.

வயிறு எரிகிறது. மத்தியானம் தின்ற காரக் குழம்பு.

அக்டோபர் 21

மூன்று நாளாகப் பயிற்சியில் வீரணனுக்குப் பந்து போகவில்லை. எல்லோருக்கும் வாய்ப்புத் தர வேண்டாமா? தவமணிக்குக் கொடுத்தேன், இரண்டடி ஓடி விழுந்தான். மறுபடி கொடுத்தேன், மறுபடி விழுந்தான்.

"டேய் ஞானம், என்னைக் கொன்னுட்டு நீ என்னத்தக் காணப்போறே? அவனுக்குக் குடேன்" என்றான்.

"எனக்குத் தெரியும்டா யாருக்குக் குடுக்கணும்னு."

"தெரியுது, தெரியுது. மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு."

அவனோடு ராத்திரி பேசவில்லை. விளக்குத் திரியை நான் பாட்டுக்குக் குறைத்துவிட்டுப் படுத்தேன். அவன் புத்தகம் படித்துக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 23

துரை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஞானாபரணம், வண்டியில் நல்ல மாடு இருக்கும்போது அதை அவிழ்த்துவிட்டு நீயே இழுப்பாயா?" என்றார். இனி மூன்று தடவைக்கு ஒரு தடவையாவது வீரணனுக்குக் கொடுக்க வேண்டுமாம். எனக்குக் காது சுட்டது. "சரி, ஐயா" என்றேன்.

இதை மட்டும் நான் யாருக்கும் தமிழில் சொல்லவில்லை.

நவம்பர் 8

ஊருக்குப் போய்விட்டு வந்த வீரணன் ஒரு சிறு மூட்டை வேர்க்கடலை கொண்டுவந்தான். அவன் அம்மா அவித்துக் காயவைத்துக் கொடுத்தது. விடுதியில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அவன் எல்லோரையும் விலக்கிவிட்டு முதல் குத்து அள்ளி எனக்குக் கொடுத்தான்.

"எங்கம்மா சொல்லுச்சு, ஆட்டம் சொல்லிக் குடுத்தவங்களுக்கு மொதல்ல குடுறான்னு."

நல்ல கடலை. உப்புச் சரியாக இருந்தது. இவன் கெட்டவனாக இருந்து தொலைந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும்!

நவம்பர் 19

அடை மழைக்குப் பிறகு இன்று வெயில். துரை பங்களாவில் எல்லாத் துணியையும் வெளியே காயப்போட்டிருந்தார்கள். கொடியில் அந்தச் சிவப்புச் சட்டையும் தொங்கியது. கணக்குத் தாளைக் கொடுக்கப் போனவன் கொஞ்சம் நின்றேன். சுற்றிலும் யாரும் இல்லை. கையை விட்டுப் பார்த்தேன். ஆட்டுக்குட்டியைத் தொடுவதுபோல் இருந்தது. முகத்தை வைத்துப் பார்த்தேன். பூச்சி உருண்டை வாசனை.

அப்போது பின்புறமிருந்து துரை வீரணனோடு வந்தார். நான் காய்ந்துகொண்டிருந்த போர்வைக்குப் பின்னால் ஒதுங்கினேன். என்னைப் பார்க்கவில்லை. சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து வீரணனின் முதுகில் வைத்துத் தோள் அளவு பார்த்தார். "நல்லது" என்றார் தமிழில். வீரணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

நான் வேலியோரமாகத் திரும்பி வந்துவிட்டேன். தாளைக் கொடுக்கவில்லை. எனக்குப் பொறாமை என்று தவமணி சொல்கிறான். ஆமாம், பொறாமைதான். எழுதிவிட்டேன், போதுமா? என்னுடைய இங்கிலீஷில் ஏறி இவன் சவாரி போகிறான். என் நாக்கு இல்லாவிட்டால் இவன் அந்த மைதான ஓரத்தில் இன்னும் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டுதான் நிற்பான்.

நவம்பர் 27

இரண்டாம் போட்டி. அதே பட்டறைப் பையன்கள். ஜெயித்தோம். அவன்தான். வேறு எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 11, சனி

வேலங்குடி மிஷன் கல்லூரியோடு கடைசிப் போட்டி. அவர்களுக்கும் ஓர் அமெரிக்க வாத்தியார். அவரும் விட்காம் துரையும் பழைய சிநேகிதர்களாம். காலையில் மழை பெய்து வெறித்தது. மைதானம் உழுத வயலாக இருந்தது. சுற்றிலும் ஊர் ஜனம்; பருத்தி ஆலைக்காரர்கள், தாசில்தார், மிஷன் ஆஸ்பத்திரி அம்மாமார்கள் எல்லோரும்.

அவர்கள் ஆறு (ஊன்றிய பிறகு பந்தைச் சரியாக உதைத்தால் கூடுதலாக ஒரு புள்ளி), நாங்கள் ஐந்து. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். துரை வெளியிலிருந்து "வீரணன்! வீரணன்!" என்று கத்தினார். அதற்குத் தமிழாக்கம் தேவைப்படவில்லை. நான் எண்ணைக் கூவினேன். பந்தை அவன் கையில் வைத்தேன்.

அவனுக்கு ஏற்கெனவே வயிற்றில் ஒரு முட்டு விழுந்திருந்தது, முகம் வெளுத்திருந்தான். இருந்தும் பாடிக்கொண்டு புறப்பட்டான். ஒருவன் காலைப் பிடித்தான். அவனையும் இழுத்துக்கொண்டு நடந்து உதறினான். இடது ஓரமாக வளைந்து, திரும்பி, வலது ஓரம் வந்து, முன்னால் ஆளே இல்லாத வெட்டவெளிக்கு வந்துவிட்டான். ஜனம் எழுந்து நின்றது. நான் அவன் பின்னாலேயே ஓடினேன். சத்தம் சன்னமாகிக்கொண்டே வந்தது. கோட்டுக்கு இன்னும் நாலே முழம். பாட்டு நின்றதை முதலில் கேட்டவன் நான்.

அவன் நின்றான். பந்தைச் சேற்றில் மெல்ல வைத்தான்.

"ஓடுடா" என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். வாயெல்லாம் சேறாக இருந்தது.

வேலங்குடிக்காரன் ஒருவன் வந்து பந்தின் மேல் விழுந்தான். சற்று நேரத்தில் ஊதல் ஊதிவிட்டார்கள்.

ஜனம் அவனைப் பார்த்துக் கூச்சல் போட்டது. விலை போய்விட்டான் என்றுகூட எவனோ கத்தினான். வீரணன் என்னைத்தான் தேடி வந்தான். கண் கலங்கியிருந்தது.

"மூச்சு விட்டுட்டேண்ணே. யாரும் பாக்கல. ஆனாலும் விட்டுட்டேனே, என்ன செய்ய?"

"சரி, போ. போயிக் குளி" என்றேன்.

டிசம்பர் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஏன் பந்தைக் கீழே வைத்தான் என்று கேள். பயப்பட வேண்டாம் என்று சொல்" என்றார்.

கேட்டேன்.

வீரணன் நிமிர்ந்து துரையைப் பார்த்தே பதில் சொன்னான். "மூச்சு விட்டுட்டேங்கய்யா. அதுக்கப்பறம் ஓடுனா அது களவாணித்தனம்."

துரை என் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். சுவர்க் கடிகாரம் அடித்துக்கொண்டிருந்தது. "களைத்துவிட்டானாம், ஐயா. இனி முடியாது என்று தோன்றியதாம்" என்றேன்.

மூச்சு விடுவதும் களைப்பும் ஏறக்குறைய ஒன்றுதானே.

துரை மெதுவாகத் தலையை ஆட்டினார். கோட்டுக்குப் பக்கத்தில் வந்து விட்டுவிடுகிறவனை அவருக்குப் பிடிக்காது. அது எனக்குத் தெரியும். வீரணன் அவர் தலையாட்டியதைப் பார்த்து, மன்னித்துவிட்டார் என்று எண்ணிக் கையெடுத்துக் கும்பிட்டான்.

டிசம்பர் 17

சட்டை எனக்கு!

எல்லோர் முன்னிலையிலும் துரை என் கையில் கொடுத்தார். கைதட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவன் வீரணன். அங்கேயே போட்டுக்கொண்டேன். தோள் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கிறது. கம்பளி கழுத்தில் அரிக்கிறது.

தவமணி மட்டும் தட்டவில்லை. அறைக்கு வந்த பிறகு, "அவன் ஏன்டா பந்த வச்சான்?" என்றான். "களைச்சுட்டான்" என்றேன். "அவனா?" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

டிசம்பர் 25

வீட்டில். கோவிலுக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அப்பா பிரசங்க மேடையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். வியர்வை முதுகில் ஆறாக ஓடியது. கழற்று என்று அம்மா சைகை காட்டினாள். கழற்றவில்லை. என் தம்பி நெஞ்சில் இருந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்து, "நீயாண்ணே எல்லாரையும் ஜெயிச்சே?" என்று கேட்டான். கேக் கொஞ்சம் கருகிவிட்டது.

1910 ஜனவரி, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள்

வீரணன் எங்கள் எல்லோரையும் அவன் ஊர்ச் சடுகுடுப் போட்டிக்கு அழைத்திருந்தான். நேரில் போய்த் துரையையும் கும்பிட்டு அழைத்தான். நான் ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். துரை போகிறார் என்றால் அவருக்கு நாக்கு வேண்டுமே. போனேன், சட்டையோடு.

களத்தில் கூட்டம் நெருக்கியது. துரைக்கு ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். நான் ஒரு பக்கம், தவமணி மறுபக்கம். வீரணனின் அம்மா எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "இந்த வெயில்ல இதையா மாட்டிட்டிருக்க, ராசா? கழட்டிப்பிட்டுக் குடி" என்றாள். பரவாயில்லை என்றேன்.

ஒருவன் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான். மூன்று பேர் வளைத்தார்கள். எல்லோருக்கும் தப்பித் தன் கோட்டுக்கு ஒரு எட்டில் வந்துவிட்டான். அங்கே அவன் குரல் அறுந்தது. அவனை எவனும் தொடவில்லை. அவனே நின்று, கையை உயர்த்திக் காட்டி, வெளியே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கூட்டம் அவனுக்கு ஒரு ஆரவாரம் செய்தது.

துரை கட்டிலிலிருந்து எழுந்தேவிட்டார். அந்த மாதிரி உட்கார்ந்ததை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார் அல்லவா?

"ஞானாபரணம், அவன் ஏன் போகிறான்? அவனை யாரும் பிடிக்கவில்லையே?"

தவமணியும் என்னைப் பார்த்தான். துரையின் மூக்கு இங்கிலீஷ் அவனுக்கு முழுவதும் புரியாது. ஆனால் இந்தக் கேள்வி யாருக்கும் புரியும்.

"மூச்சு விட்டுவிட்டான், ஐயா. மூச்சு விட்டால் வெளியே போக வேண்டும். அவனே போக வேண்டும். இங்கே அதுதான் வழக்கம்."

ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. எனக்குக் கம்பளிக்குள் உடம்பு அவிந்தது.

"அக்டோபரில் நான் சொன்னேனே, மூச்சு விடலாம் என்று. அதை அவனிடம் சொன்னாயா?"

"சொன்னதாகத்தான் ஞாபகம், ஐயா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டையைப் பார்த்தார். திரும்பக் கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு களத்துக்குள்ளேயே போய்விட்டார். வீரணன் அப்போதுதான் பாடி முடித்து வந்து, புழுதியோடு நின்றுகொண்டிருந்தான். துரை அவன் இரண்டு தோளையும் பிடித்தார். தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றாக வெளியே வைத்தார்.

"வீரணன். அங்கே. பப்பாளி. மூச்சு விடு. நல்லது."

வீரணன் விழித்தான். "விடலாமாங்கய்யா?"

"விடு. விடு. ஓடு. நல்லது."

எப்போது யாரிடம் 'மூச்சு' என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்டார்? அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் முன்ஷியிடமா? இன்றைக்கு நான்தான் சொன்னேனா? துரையிடம் பேசும்போது 'மூச்சு' என்று நான் தமிழில் சொல்லவில்லை. தவமணி பக்கத்தில்தான் இருந்தான். துரை களத்துக்குள் போகுமுன் அவன் அவர் காதருகே எதையோ சொன்னதை நான் பார்த்தேன். மோர்ச் செம்பைப் பற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

வீரணன் முதலில் சிரித்தான். நம்பாமல் இன்னொரு தடவை "விடலாமா!" என்றான். அப்புறம் சிரிப்பு நின்றது. கூட்டத்துக்கு மேலே எட்டிப் பார்த்து என்னைக் கண்டுபிடித்தான். பார்த்துக்கொண்டே நின்றான். நான் மோரைக் குடித்தேன். செம்பு காலியாகத்தான் இருந்தது.

ஜனவரி 18

துரை சட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை. நானாகக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். "வைத்துக்கொள். அது உனக்குக் கொடுத்தது" என்றார். கணக்குத் தாளைத் திருத்திக்கொண்டே சொன்னார், நிமிரவில்லை. இதைவிட அவர் அதைப் பிடுங்கியிருக்கலாம்.

ஜனவரி 20

வீரணன் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தான். போய் நின்றேன். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போகவில்லை.

"வீரணா, அன்னைக்கு வெயில்ல... அவசரத்துல..."

"மொத நாளு அவசரந்தாண்ணே. எனக்குத் தெரியும்" என்றான். வேட்டியை முறுக்கிப் பிழிந்தான். "அதுக்கப்பறம் மூணு மாசம் இருந்துச்சுல்ல?"

திட்டுவான் என்று நின்றேன். திட்டினால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும்.

அவன் வேட்டியை உதறிக் கொடியில் போட்டான். "கோவமெல்லாம் இல்லண்ணே. ஆனா இனிமே தொரை சொல்றத நீங்க எனக்குச் சொல்ல வேணாம். நானே கேட்டுக்கிறேன்."

ஜனவரி 22

சட்டையைச் சலவைக்குப் போட்டேன். விடுதி வண்ணார் மற்றத் துணிகளோடு அதையும் வெள்ளாவியில் வைத்துவிட்டார். சுருங்கி, என் தம்பிக்குத்தான் ஆகும் போலிருக்கிறது. அந்த எழுத்து மட்டும் அப்படியே பளிச்சென்று இருக்கிறது.

பிப்ரவரி 3

போட்டிகள் எல்லாம் முடிந்துவிட்டன. ஆனாலும் சாயங்காலம் துரையும் வீரணனும் மைதானத்தில் இருக்கிறார்கள். தவமணியும் போகிறான். நான் தர்க்க சாஸ்திரப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். என்னை வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

வீரணன் ஓடினான். பாட்டு இல்லை. வாயைத் திறந்து, நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு, மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. துரை அக்டோபரில் சொன்னது சரி. இன்னும் வேகமாகத்தான் ஓடுகிறான். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வயிறு முன்னைப் போலவே எரிந்தது, ஒரு துளியும் குறையாமல்.

கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிவிட்டு அவன் திரும்பினான். துரை கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டார். அவன் பாதி இங்கிலீஷும் பாதித் தமிழுமாக, விரலால் மண்ணில் கோடு போட்டுக் காட்டிப் பதில் சொன்னான். துரை குனிந்து அவரும் ஒரு கோடு போட்டார். அப்புறம் மெதுவாக ஏதோ சொன்னார். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

என்ன சொன்னார் என்று இங்கிருந்து கேட்கவில்லை.